யாழ்ப்பாணத்துத் தரைக்கு ஏற்ற ரயர்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பின் நண்பருக்கு,

நலம். உம்முடைய நலமும் வீட்டார் நலமும் அறிய அவா. தை பிறந்ததும் மாற்றலாகி ஊருக்கே வருகிறீர் என்ற செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழங்கால் வலி இன்னும் குறைந்தபாடில்லை என்றாலும், உம்முடைய பெயரைக் கேட்டதும் எழுந்திருந்து, பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று விசாரித்தார். மகள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள். மற்றபடி எல்லாரும் சுகம்.

இனி நீர் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். ஹட்டன் தேயிலைத் தோட்டப் பாதைகளுக்கென்று உம்முடைய மலைச் சைக்கிளுக்கு வாங்கிய சேற்று ரயர்களோடு இங்கும் ஓடலாமா, அல்லது மாரிக்கு ஒரு சோடி, கோடைக்கு ஒரு சோடி என்று வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தீர். இரண்டும் வேண்டாம் என்பதே என் முடிவு. ஆண்டு முழுவதற்கும் ஒரே சோடி போதும். ஆனால் அது சேற்றை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட சோடியாக இருக்கக் கூடாது.

சேற்று ரயரில் இறப்பர்க் கட்டைகள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருப்பது, அவை ஈரக் களியைக் குத்திப் பிடிக்கவும், ஒட்டிய களி சக்கரம் சுழலும்போது தெறித்து விழவும்தான். மலைநாட்டில் அதற்கு ஆண்டின் பெரும்பகுதியிலும் வேலை உண்டு. இங்கே ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொட்டும் மழையை விட்டால் மிச்ச மாதங்களில் தரை காய்ந்து இறுகிக் கிடக்கும். மாரியிலும்கூட, கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில் விழும் நீர் கீழே கிடக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள் விரைவாக இறங்கிவிடுவதால், தோட்டவெளிப் பாதைகள் வெயில் கண்ட சிறிது நேரத்திலேயே ஓடக்கூடிய நிலைக்கு வந்துவிடும். களி பிடிக்கும் இடம் என்றால் வயல் வரம்புகளும் வல்லை வெளி போன்ற உவர் நிலங்களும்தான். மழை நின்றவுடன் அங்கே போகாமல் இரண்டொரு நாள் பொறுப்பது எந்த ரயரையும்விட நல்ல பலன் தரும். அத்தோடு, காய்ந்த கலட்டித் தரையிலும் தார் வீதியிலும் உயரமான கட்டைகள் வளைந்து நெளியும். திருப்பத்தில் பிடி நழுவும். ஓரங்கள் கிழிந்து வெகுவிரைவில் தேய்ந்தும் போகும்.

நம்முடைய தரையில் ரயருக்கு உண்மையான பகை முள்ளும் கல்லும் கருக்கும்தான் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளும். மணற்பாங்கான ஓரங்களில் நெருஞ்சி படர்ந்திருக்கும். வேலி அடைக்கும் காலத்தில் கிளுவைக் கொப்புகளை வெட்டி ஒழுங்கையிலேயே போட்டுவிடுவார்கள். பனங்கூடல்களுக்குள் காவோலையோடு விழுந்து கிடக்கும் மட்டையின் கருக்கு, பக்கச் சுவரை வாள்போல் அறுத்துவிடும். கீரிமலை, காங்கேசன்துறைப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல்லின் கூர்முனைகள் நிலத்திலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே ரயரைத் தெரிவு செய்கையில் முகப்பின் கோலத்தைப் பார்ப்பதற்கு முன் உடலை, அதாவது இறப்பருக்குள் இருக்கும் நூல் நெசவைப் பாரும். அங்குலத்துக்கு 120 நூல் கொண்ட ரயர் மெல்லியது, இலகுவானது, தரையோடு நன்றாக வளைந்து கொடுப்பது. 60 நூல் கொண்டது பாரமானது, ஆனால் நூல் தடித்து இறப்பரும் கூடுதலாகப் பூசப்பட்டிருப்பதால் கிழிசலைத் தாங்கும். போட்டிக்கு ஓடுபவர் முன்னதை வாங்கட்டும். பனங்கூடலுக்குள் ஓடும் நமக்கு 60 நூலும், பக்கச் சுவரில் மேலதிகக் காப்புப் படையும் வேண்டும். அதே வேளையில், மலைச் சரிவில் பாய்ந்து இறங்குபவர்களுக்கென்று செய்யப்படும் இரட்டை உடல் ரயர்களை நாட வேண்டாம். சரிவே இல்லாத குடாநாட்டில் அந்தப் பாரத்தைச் சுமப்பதில் பயனில்லை.

உம்முடைய றிம் ரியூப் இல்லாமல் ஓடக்கூடியது என்று எழுதியிருந்தீர். அப்படியானால் ரியூப்பைக் கழற்றிவிட்டு அடைப்புப் பால் ஊற்றி ஓடும். நெருஞ்சி முள் போடும் சிறு துளைகளை அது சக்கரம் சில சுற்றுச் சுற்றுவதற்குள் அடைத்துவிடும். நம்முடைய வெக்கையில் அந்தப் பால் விரைவாக வற்றும் என்பதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். கருக்கு அறுத்த நீண்ட வெட்டை அது அடைக்காது. அதற்காக ஒரு ரியூப்பும், உள்ளே வைத்துத் தாங்கக் கொடுக்கப் பழைய ரயரில் வெட்டிய ஒரு துண்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். வழியில் ரியூப் போட நேர்ந்தால், போடுவதற்கு முன் ரயரின் உட்புறத்தில் சிறிது பஞ்சை அழுத்தி ஒரு சுற்று இழுத்துப் பாரும். விரலுக்குத் தட்டுப்படாத முள்நுனி பஞ்சின் இழையைப் பிடித்துக் காட்டிக்கொடுக்கும். முன்பே குத்தி, பால் அடைத்திருந்த பழைய முட்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளிப்படும். அவற்றைக் குறட்டால் பிடுங்காமல் ரியூப்பைப் போட்டால் நூறு யார் தூரம் போவதற்குள் காற்றுப் போய்விடும்.

முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ரயர் வேண்டியதில்லை. திருப்பத்தில் முன்சக்கரம் நழுவினால் ஆள் விழுவது நிச்சயம். பின்சக்கரம் நழுவினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். எனவே முன்னுக்கு 2.35 அங்குலத்துக்குக் கிட்டிய அகலத்தில், நடுத்தர உயரக் கட்டைகளும் ஓரத்தில் உறுதியான கட்டைகளும் கொண்டதைப் போடும். பின்னுக்கு 2.25 அங்குலத்துக்குக் கிட்டிய அகலத்தில், நடுவில் கட்டைகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் அமைந்ததைப் போடும். மக்சிஸ் நிறுவனத்தின் ஆர்டென்ட் முன்னுக்கும், அதே நிறுவனத்தின் ஐகொன் பின்னுக்கும் என்ற சேர்க்கை எனக்குப் பிடித்தது. ஸ்வால்பே நிறுவனத்தின் ஸ்மார்ட் சாம் பின்னுக்கு இன்னொரு நல்ல தெரிவு. நடுக்கட்டைகள் நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நகரிலிருந்து மணற்காட்டுக்குப் போக 30 கிலோமீற்றருக்கு மேல் தார் வீதியில் மிதிக்க வேண்டும். அதுவும் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் திரும்பி வரும்போது காற்று எதிரில் நிற்கும். அங்கே ரயரும் சேர்ந்து பிடித்து இழுத்தால் மறுமுறை போக மனம் வராது. இறப்பரும் அப்படித்தான். மிக மென்மையானது ஈரக் கல்லில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் மதிய வெயிலில் கொதிக்கும் தாரில் கரைந்துவிடும். முன்னுக்குச் சற்று மென்மையானதும் பின்னுக்குக் கடினமானதும் நம் தேவைக்குப் பொருந்தும்.

காற்றின் அளவைப் பற்றி இங்கே பலர் அக்கறை கொள்வதில்லை என்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கல்லைப்போல் இறுகும் வரை அடிப்பதே நல்லது என்ற எண்ணம் பழைய 28 அங்குலச் சைக்கிளோடு வந்தது. அகன்ற ரயருக்கு அது பொருந்தாது. உம்முடைய எடைக்கு, ரியூப் இல்லாமல், முன்னுக்கு 22 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்), பின்னுக்கு 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிப் பாரும். ரியூப்போடு என்றால் இரண்டிலும் ஐந்தாறு கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல்லில் மோதும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையில் ரியூப் நசுங்கி இரண்டு துளை விழும். மணற்காட்டில், மணலில் பாதி புதைந்து கிடக்கும் பழைய தேவாலயத்தைச் சுற்றிய மணல்மேடுகளுக்குள் இறங்குகையில், 16 வரை இறக்கிவிடும். ரயர் தட்டையாகப் பரந்து மணலின் மேலே நிற்கும். அங்கே கட்டைகளின் உயரம் உதவாது. தோண்டிப் புதைக்கத்தான் செய்யும். திரும்ப வீதிக்கு ஏறியதும் மறக்காமல் காற்றை ஏற்றிக்கொள்ளும். ஆகவே பருவத்துக்குப் பருவம் நாம் மாற்ற வேண்டியது ரயரை அல்ல, காற்றின் அளவையே. காற்று அளக்கும் கருவி ஒன்றுக்குச் செலவழிக்கும் காசு இரண்டாவது சோடிக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்குதான்.

கடற்கரையில் ஓடிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிடும்; உப்பு ரயரைவிடக் கம்பிகளையும் நிப்பிள்களையும்தான் முதலில் தின்னும். சைக்கிளை வெயிலில் நிறுத்தாமல் விறாந்தையில் வையும். இல்லாவிட்டால் பக்கச் சுவர் வெடித்துப் போகும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இப்போது உள்ள ரயரின் பக்கத்தில் 57-622 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது றிம்மில் ரயர் அமரும் விட்டம், இரண்டும் மில்லிமீற்றரில். அதையும், றிம்மின் உள் அகலத்தையும், பின்கவையின் இரு பக்கத்திலும் ரயருக்கு இருக்கும் இடைவெளியையும் அளந்து எனக்கு எழுதும். இரு பக்கத்திலும் 6 மில்லிமீற்றராவது இல்லாவிட்டால் 2.25 அங்குலத்தையும் விட்டு 2.1 அங்குலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும். உம்முடைய பதில் கிடைத்ததும் நகரத்துக் கடையில் சொல்லிவைக்கிறேன். தையில் நீர் வருவதற்குள் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள்.

அன்புடன்,
உம்முடைய பழைய நண்பன்