செல் படத்தின் சிவப்பும் பச்சையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான ஈஸ்ட் செல்லின் படத்தையும் அதன் கீழிருந்த ஒற்றை வரிக் குறிப்பையும் கண்டேன். ஒரு மரபணுவின் ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான நகல்) தென்படும் இடத்திலேயே அதற்குரிய புரதமும் இருக்கும் என்று பொருள்படும்படி அக்குறிப்பு அமைந்திருந்தது. அப்படி இருந்தாக வேண்டும் என்பதில்லை. இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் இரண்டையும் ஒரே செல்லில் சேர்த்துப் படமெடுக்கிறார்கள்.

ஆஷ்1 என்னும் மரபணுவையே எடுத்துக்கொள்வோம். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட், மொட்டு விட்டுப் பெருகும் உயிரி; அந்த மொட்டே மகள் செல்லாகப் பிரிகிறது. ஆஷ்1 மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வை ஷீ2, ஷீ3 ஆகிய புரதங்கள் பற்றிக்கொள்ள, மையோ4 என்னும் இயக்கப் புரதம் செல்லுக்குள் தடம்போல் அமைந்த ஆக்டின் இழைகளின் வழியே அதை மொட்டின் நுனிக்குச் சுமந்து செல்கிறது. போகும் வழியிலேயே அது புரதமாகிவிடாதபடி பஃப்6 போன்ற புரதங்கள் தடுத்து வைக்கின்றன. நுனியில் உருவாகும் ஆஷ்1 புரதமோ அங்கே தங்குவதில்லை. மகள் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, இனச்சேர்க்கை வகையை (ஈஸ்ட்டுக்குப் பால் போன்றது) மாற்றவல்ல ஹெச்.ஓ. மரபணுவை அடக்கிவிடுகிறது. தாய் செல் வகை மாறுவதும் மகள் செல் மாறாதிருப்பதும் இதனால்தான். (ஆய்வகங்களில் வளர்க்கும் பெரும்பாலான ஈஸ்ட் வகைகளில் ஹெச்.ஓ. செயலற்றே இருக்கும் என்பது வேறு கதை.) ஆக, ஆர்.என்.ஏ. நுனியில், புரதம் உட்கருவில். கோடிக்கணக்கான செல்களை ஒன்றாக அரைத்து அளந்தால் இந்த இடவேறுபாடு அரைத்த விழுதிலேயே கரைந்துபோகும்.

படமெடுக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. செல்லில் உள்ள ஒவ்வோர் ஆர்.என்.ஏ. மூலக்கூறையும் தனித்தனியே காணலாம் என்பதை 1998இல் செல் உயிரியலாளர் ராபர்ட் சிங்கரின் குழு காட்டியது. சாயம் ஏற்றிய, 20 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டுகள் சில பத்து சேர்ந்து ஒரே ஆர்.என்.ஏ.வின் மேல் ஒட்டிக்கொள்வதால் அது ஒரு புள்ளியாக ஒளிரும் முறை 2008இல் வெளியாகிப் பரவலானது. புரதத்தைக் காண, அதை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் என்னும் வேறொரு புரதம் வேண்டும். எதிர்ப்பொருள் அந்த டி.என்.ஏ. துண்டைவிட 20 மடங்குக்கும் மேல் எடை கொண்டது. ஈஸ்ட்டின் தடித்த செல் சுவரை நொதியால் கரைத்தால்தான் அது உள்ளே நுழையும். கூடுதலாகக் கரைத்தால் செல் உருக்குலையும். குறைவாகக் கரைத்தால் புரதம் இருந்தும் படத்தில் தெரியாது. மறுபுறம், நம் விரல் நுனியிலும் சில எதிர்ப்பொருள் கரைசல்களிலும் இருக்கும் ஆர்.என்.ஏ. சிதைக்கும் நொதி சிறிதளவு கலந்தாலே புள்ளிகள் மறைந்துவிடும். எனவே, ‘இல்லை’ என்று காட்டும் படத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த மரபணுவே நீக்கப்பட்ட செல்லையும், அது உறுதியாக இயங்கும் செல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எதையும் சொல்ல இயலாது.

இத்தகைய படங்களை எடுக்கும் கேமரா பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் பதிவு செய்கிறது. சிவப்பும் பச்சையும் பின்னர் கணினியில் தீட்டப்படுபவை. அடுக்கடுக்காக எடுத்த பல தளங்களை ஒன்றாகத் தட்டையாக்குவதால், உட்கருவுக்கு மேலே இருக்கும் புள்ளி உள்ளே இருப்பதுபோலத் தோன்றும். ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் குறுக்களவுள்ள செல்லில், சாதாரண ஒளி நுண்ணோக்கியால் கால் மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆகவே இரு நிறங்கள் கலந்து மஞ்சளாகத் தெரிவதால் மட்டும் அவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று கொள்ளலாகாது.

இனி இவ்வகைப் படங்களை வெளியிடும்போது எந்த நிறம் எதைக் குறிக்கிறது, படம் ஒற்றைத் தளமா, பல தளங்களின் தொகுப்பா, அளவுகோல் எவ்வளவு என்பவற்றைக் குறிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடம் போதாதென்றால் படத்தைச் சற்றே சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்