முதல் ஆபரேஷனுக்கு முன்பே வலையைப் பற்றிச் சொல்லலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்காவுக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. கனத்த உடம்பு, சர்க்கரையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் கர்ப்பப்பைக் கட்டிக்காகச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் தொப்புளுக்குக் கீழே நீளவாக்கில் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாகத்தான் வீடு திரும்பினார். ஏழெட்டு மாதம் கழித்து, இருமினால் தழும்புக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு, படுத்தால் உள்ளே போய்விடும். வாயு என்று நினைத்து சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பழ சீசனையே ஓட்டிவிட்டார். இப்போது அது தேங்காய் மூடி அளவு. தையல் போட்ட இடம் விட்டுக்கொடுத்து, உள்ளே இருக்கும் குடல் தள்ளிக்கொண்டு வரும் குடலிறக்கமாம் (ஹெர்னியா), வயிற்றுச் சுவருக்குத் தாங்கலாக ஒரு செயற்கை வலை வைத்துத் தைக்க வேண்டுமாம்.

அந்த வலையை முதல் தடவையே வைத்திருக்கலாமே என்று கேட்டேன். "சிலருக்கு வைக்கலாம்தான்" என்றார் டாக்டர். அப்புறம்தான் தேடிப் படித்தேன். எடை கூடியவர்கள், வயிற்று மகாதமனி (இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய்) வீங்கியவர்கள் என 480 பேரிடம் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. வெறும் தையல் போட்டவர்களில் இரண்டு வருடத்துக்குள் 30 சதவீதம் பேருக்குக் குடலிறக்கம். வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறைக்கு மேல் வலை பதித்தவர்களில் 13 சதவீதம்தான். பார்த்தால் கொசுவலைத் துண்டு மாதிரி இருக்கிறது, அதன் கண்களுக்குள் சதை வளர்ந்து பிடித்துக்கொள்கிறதாம்.

எல்லோருக்கும் வலை வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. வலை வைத்தால் நீர் கோர்ப்பது கூடுகிறது, சீழ் பிடித்த வயிற்றில் வைக்க டாக்டர்கள் யோசிப்பார்கள், செலவும் இருக்கிறது. சரி, தையலையாவது நெருக்கிப் போடலாமே? வெட்டிய விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர், தையலுக்குத் தையல் 5 மில்லிமீட்டர் என்று பொடியாகப் போட்டதில் ஒரு வருடத்தில் குடலிறக்கம் 21 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தது என்று 2015-லேயே நெதர்லாந்துக்காரர்கள் காட்டிவிட்டார்கள். அதற்கு வேண்டியது கூடக் கொஞ்ச நேரமும் பொறுமையும்தான்.

எங்களிடம் கையெழுத்து வாங்கிய அன்று இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. கனம் தூக்கக் கூடாது என்பது மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அக்கா அதை மடித்து ரேஷன் கார்டுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டார். அந்த ஒரு வரியையாவது தமிழில் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்