பல் விளக்கவில்லை என்று திட்டாதீர்கள்: தருமபுரி ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

தருமபுரி மாவட்டப் பள்ளி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு பல் மருத்துவமனையில் டென்டல் ஹைஜீனிஸ்ட். டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. இரண்டு வருட டிப்ளமோ படித்துப் பதிவு பெற்று, டாக்டரின் மேற்பார்வையில் பல்லில் கெட்டியாகப் படியும் காரையை எடுப்பவள். ஊரில் 'பல் கழுவுகிற பெண்' என்கிறார்கள். நானும் சண்டைக்குப் போவதில்லை.

போன மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா அழைத்து வந்தார். வாயைத் திற என்றால் திறக்கிறாள். பேசு என்றால் கை வாய்க்குப் போய்விடுகிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும், "பல் விளக்கிவிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து செங்கல் பொடி. ஈறெல்லாம் சிவந்து கிடந்தது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் கொஞ்சம் காரை. உமிழ்நீர் சுரந்து வரும் இடம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கட்டும். காரை எடுக்கும் கருவியான ஸ்கேலரின் முனை பட்டதும் தண்ணீரோடு தெறித்து வந்துவிட்டது. மேல் பற்களின் பழுப்புக் கோடுகள் மட்டும் அப்படியே இருந்தன. "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேயுங்களேன்" என்றார் அம்மா.

எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது மேலே படிந்த அழுக்கு என்றால் என் கைக்கு வந்திருக்கும். ஈறுக்குள் பல் உருவாகும் சிறு வயதில் குடித்த தண்ணீரின் ஃபுளோரைடு, பல்லின் மேலோடான எனாமலுக்குள்ளேயே விட்டுப்போன தடம் அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்ததே இதற்காகத்தான். குழாய் வராத நாளில் பானைக்குப் போவது மறுபடி போர் தண்ணீர். காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்கிறார்கள். காய்ச்சினால் ஆவியாவது தண்ணீர். ஃபுளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும்.

கறையை மறைக்க டாக்டரிடம் வேறு சிகிச்சைகள் உண்டு, செலவும் உண்டு.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் என் தொழிலுக்கு வகுத்த இலக்கணத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பல்லைச் சுத்தம் செய்வது, பல் சுகாதாரத்தைச் சொல்லிக்கொடுப்பது. முதல் வேலையிலேயே பொழுது போய்விடுகிறது. ஒருவருக்கு முடித்துக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதற்குள் அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிடுவார். மாலையில் கழுத்து திரும்பாது. இரண்டாவது வேலை, வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுவதோடு சரி.

அதைச் செய்ய வேண்டிய இடம் உங்கள் பள்ளி. பழுப்புப் பல்லோடு வரும் பிள்ளையை எழுப்பி நிறுத்திக் கேட்காதீர்கள். வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறாய் என்று தனியாகக் கேளுங்கள். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலை வணக்கக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் கொடுத்தால் போதும். பல் மாதிரியும் பிரஷும் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பல் கழுவுகிற பெண்