அப்பாவுக்கு அக்கி

அன்பு மகளுக்கு,

அப்பாவுக்கு யாரிடமிருந்து அக்கி ஒட்டியது என்று கேட்டாய். யாரிடமிருந்தும் இல்லை மக்களே. சிறுவயதில் அவருக்குப் போட்ட சின்னம்மையின் வைரஸ்தான் இது. அம்மை இறங்கிய பிறகும் அது முதுகெலும்பை ஒட்டிய நரம்புக் கணுக்களில் தங்கிவிட்டது. அதனால்தான் இடது விலாவில் ஒரே நரம்பின் வழியே பட்டையாகக் கொப்புளம். நெஞ்சின் நடுவோடு நின்றுவிட்டது, வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. சட்டை உரசினாலே துடிக்கிறார்.

நான் விலங்கியல் நடத்திய காலத்தில் இதெல்லாம் பாடத்தில் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு படிக்கப் படிக்க வியப்புதான். உட்கரு உள்ள நம் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2 மீட்டர் டி.என்.ஏ., உருளையில் நூல் சுற்றியதுபோல் ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றி இருக்கிறது. அதுதான் குரோமாட்டின். அம்மை வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்ப வைரஸின் டி.என்.ஏ. ஹிஸ்டோன் இல்லாமல் வெறுமையாக உட்கருவுக்குள் நுழையும். செல் உடனே கண்டுகொள்ளும். பி.எம்.எல். என்னும் புரதத் திரள்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். ஹிஸ்டோன் ஏறும், அதன்மேல் மெத்தில் குறிகள் என்னும் சிறு வேதி அடையாளங்கள் விழும், டி.என்.ஏ. இறுகிவிடும். இறுகிய மரபணுவிலிருந்து புரதம் உருவாகாது, வைரஸ் பெருகாது. அம்மை வைரஸின் துகள்களைக்கூட பி.எம்.எல். கூண்டுகள் அடைத்துப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், ஐ.சி.பி.0 என்ற புரதத்தால் அந்தத் திரள்களையே சிதைக்கும். அதன் இன்னொரு புரதமான வி.பி.16 இன்னும் கெட்டி: மெத்தில் குறியை அழிக்கும் நம் நொதியையே தன் வேலைக்கு இழுத்துக்கொள்ளும். ஆனாலும் நரம்புச் செல்லுக்குள் பெரும்பாலும் செல்லின் கைதான் ஓங்குகிறது. வைரஸ் சாகாது, அடங்கிக் கிடக்கும். வயதாகி உடம்பின் எதிர்ப்பு தளரும்போது அம்மை வைரஸ் இப்படி அக்கியாகக் கிளம்பும்.

கொப்புளம் கண்ட மறுநாளே நாகர்கோவிலில் காட்டி அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிட்டோம். 3 நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பெருகும் வைரஸைத்தான் அந்த மாத்திரை தடுக்கும், உறங்குவதை அது தொடாது. வடக்கு வீட்டு அக்கா காவி குழைத்து அக்கி எழுதலாம் என்றார். புண்ணில் மண் தடவ நான் விடவில்லை.

உன் தம்பி மனைவிக்கு அம்மை வந்ததே இல்லை, மாசமாகவும் இருக்கிறாள். கொப்புள நீர் பட்டால் அவளுக்கு அம்மை வரலாம். எல்லாம் பொருக்குத் தட்டும்வரை குளச்சலில் தாய்வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

உனக்கும் இரண்டாம் வகுப்பில் அம்மை போட்டது, நினைவிருக்கிறதா? 50 வயது தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசி உண்டு; காலம் வரும்போது மறக்காமல் போட்டுக்கொள். அப்பாவிடம் பேசும்போது வலியைப் பற்றிக் கேள். என்னிடம் மறைப்பதை உன்னிடம் சொல்வார்.

அம்மா
தக்கலை