அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு: இடைப்படம் வரைபவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்

மதிப்புக்குரிய தயாரிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். தொலைக்காட்சி நிலையம், மங்கா என்ற ஜப்பானிய காமிக்ஸ் போடும் பதிப்பகம், பொம்மை கம்பெனி, இசை நிறுவனம், விளம்பர ஏஜென்சி என்று ஓர் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், தொடரில் பணம் போடுகிற எல்லோரும் சேர்ந்ததுதான் உங்கள் குழு. ஸ்டுடியோவுக்கு எவ்வளவு தருவது, எந்த மாதம் ஒளிபரப்பைத் தொடங்குவது என்று முடிவெடுப்பதும் நீங்கள்தான். அதனால்தான் ஸ்டுடியோக்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' அனிமே படம் தமிழ் டப்பிங்கோடு எங்கள் ஊர் தியேட்டர்களுக்கு வந்தது. நாங்கள் கொடுத்த டிக்கெட் காசும் உங்கள் கணக்கில் சேர்ந்திருக்கிறது. ஜப்பானிய அனிமேஷன் சங்கத்தின் அறிக்கைப்படி 2023இல் அனிமே சந்தையின் மதிப்பு சுமார் 3.34 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல், சுமார் 1.72 லட்சம் கோடி, வெளிநாடுகளிலிருந்து வந்தது. அந்தப் பணம் யாரைப் போய்ச் சேர்கிறது என்று கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு.

ஓர் அசைவின் முக்கியமான படங்களுக்கு நடுவே வரும் படங்களை வரைபவர்தான் இடைப்படம் வரைபவர். அவருடைய மேசைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாளை ஓங்கிய நிலை ஒன்று, வெட்டி முடித்த நிலை ஒன்று என்று மூத்த கலைஞர் முக்கியமான படங்களை வரைந்து கொடுத்துவிடுவார். நடுவில் எத்தனை படம், எது எதற்குப் பக்கத்தில் என்று தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்துக் குறித்திருப்பார். குறிகள் நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகம் பிடிக்கும். இருபது வயதை ஒட்டிய ஒருவர் அந்தத் தாள்களை மூன்று முளை வைத்த உலோகப் பட்டையில் மாட்டி, அடியில் விளக்கு எரியும் பலகைமேல் வைத்து, விரலிடுக்கில் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்து, நடுப்படத்தை இழுக்கிறார். கோட்டின் தடிமன் மாறக் கூடாது. கிமோனோவில் இருக்கும் ஒவ்வொரு கட்டமும் துணி மடிகிற பக்கம் மடிய வேண்டும். கோடு எங்காவது விட்டுப்போனால், வண்ணம் நிரப்பும்போது வெளியே பரவிவிடும். இப்போது டேப்லெட்டில் வரைபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் பாடு அதேதான்.

இதற்குத் தாள் ஒன்றுக்குச் சுமார் 200 யென் என்பது நெடுநாள் வழக்கம். மாதம் 500 தாள் முடித்தாலும் ஒரு லட்சம் யென்தான். டோக்கியோவில் அறை வாடகை கொடுத்தபின் அதில் என்ன மிஞ்சும்? அனிமேட்டர்களின் அமைப்பான ஜானிகா 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வேலை செய்பவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 11 லட்சம் யென் என்று வந்தது. அதன் பிறகு சில ஸ்டுடியோக்கள் விலையைக் கூட்டியிருக்கின்றன, சில மாதச் சம்பளத்துக்கே மாறியிருக்கின்றன. மற்ற இடங்களில் இன்னும் தாள் கணக்குதான் ஓடுகிறது.

இந்தப் பேச்சை எடுத்தாலே மங்கா கலைஞர் தெசுகா ஒசாமுவின் பெயரைச் சொல்வார்கள். 1963 ஜனவரி 1இல் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை அவர் செலவுக்கும் குறைந்த விலைக்குக் கொடுத்தாராம், அன்று விழுந்த விலை பிறகு எழவே இல்லையாம். அவர் குறைத்துக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்தப் பாத்திரமே அவருடையது. பொம்மை, மிட்டாய், அமெரிக்க ஒளிபரப்பு என்று வேறு வழிகளில் ஈடுகட்ட அவருக்கு இடம் இருந்தது. உங்கள் குழுவில் பங்கு போடாத ஸ்டுடியோவுக்கு அந்த வழி ஏது? பேசிய தொகையை வாங்கிக்கொண்டு அது ஒதுங்கிவிட வேண்டியதுதான். தொடர் உலகம் முழுக்க ஓடினாலும் வரைந்தவர் கைக்கு ஒரு யென் கூடுதலாக வராது. இந்தக் கணக்கைப் போட்டவர்கள் நீங்கள். தெசுகாவின் தலையில் கட்டாதீர்கள்.

இன்று உலகம் அறிந்த அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி 1963இல் தோயெய் அனிமே ஸ்டுடியோவில் இடைப்படம் வரைபவராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார், அதுவும் மாதச் சம்பளத்துக்கு. அடுத்த ஆண்டே அங்கே தொழிற்சங்கப் பொறுப்புக்கும் வந்தார். வயிற்றுப்பாட்டுக்குக் கவலைப்படாமல் சில வருடம் கோடு பழக அவருக்கு இடம் கிடைத்தது. இன்று அந்த இடத்தில் இருப்பவர்கள் கை தேறுவதற்குள் வேறு வேலை தேடிப் போகிறார்கள். மிச்ச வேலை சீனாவுக்கும் கொரியாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போகிறது. அங்கே வரைபவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்களுக்கும் நியாயமான கூலி கிடைக்க வேண்டும். பத்து வருடம் கழித்து முக்கியமான படங்களை வரைய ஆள் எங்கிருந்து வருவார் என்பதுதான் என் கவலை.

சம்பளம் கொடுத்தால் கட்டாது என்று சொல்லாதீர்கள். கியோட்டோ அனிமேஷன் என்ற ஸ்டுடியோ தன் கலைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்து, தானே பயிற்சி கொடுத்து, குறைவான தொடர்களை எடுத்தே பேர் வாங்கியது. 2019 ஜூலை 18இல் நடந்த தீவைப்பில் 36 பேரைப் பறிகொடுத்த பின்னும் அது எழுந்து நின்று படம் எடுக்கிறது.

குறைவாக எடுத்தால் ரசிகர்கள் போய்விடுவார்கள் என்ற பயமும் வேண்டாம். 1999இலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்த 'ஒன் பீஸ்' தொடரையே 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடு என்று குறைப்பதாக அறிவித்தார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லை. நேரம் போதாமல் பழைய காட்சிகளை ஒட்டி ஒரு தொகுப்பு எபிசோடு போடுவதைவிட, சீசன் ஆறு மாதம் தள்ளி வருவது எவ்வளவோ மேல்.

அடுத்த தொடருக்கு ஒப்பந்தம் எழுதும்போது மூன்று விஷயங்களைச் சேருங்கள். இடைப்படம் வரைபவருக்கு மாதச் சம்பளம், அதற்கான தொகை பட்ஜெட்டில் தனியாக. வெளிநாட்டு வருமானத்தில், பணம் போடாத ஸ்டுடியோவுக்கும் ஒரு பங்கு. பாதி எபிசோடாவது முடிந்த பிறகே ஒளிபரப்புத் தேதி. மூன்றும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், முதல் விஷயத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகர்