தாவோயியத்தின் மறுபாதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டைச் சீன ஞானி லாவோட்சுவின் தூய தத்துவமான தாவோயியம் பிற்காலத்தில் பூசாரிகளின் கையில் மூடநம்பிக்கையாகச் சீரழிந்தது என்று தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை கூறுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள், கன்பூசியப் புலவர்களின் ஏளனத்தையும் துணைக்கொண்டு, உலகெங்கும் பரப்பிய கருத்து இது. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைநாட்டுப் புனித நூல் வரிசையில் 1891இல், லாவோட்சு இயற்றியதாகக் கூறப்படும் தாவோ தே ஜிங் என்னும் நூலின் மொழிபெயர்ப்பை வெளியிட்ட ஜேம்ஸ் லெக், ஹாங்காங்கில் நெடுங்காலம் சமயப் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர். மூல நூலை மதித்து, பின்வந்த சடங்குகளை இழிவாகக் கருதிய அவருடைய பார்வையில், கத்தோலிக்க வழிபாட்டு முறைகள் மீது புராட்டஸ்டண்டு கிறித்தவர்கள் கொண்டிருந்த வெறுப்பின் சாயலையே நான் காண்கிறேன்.

சீனாவின் மிங் அரசு 1445இல் அச்சிட்ட தாவோயியத் திருமுறைத் தொகுப்பில் ஏறத்தாழ 1,400 நூல்கள் உள்ளன. தியானம், மூச்சுப் பயிற்சி, மருத்துவம், வழிபாடு ஆகிய அனைத்தும் அவற்றில் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. அதனை முறையாக ஆராயத் தொடங்கிய மேலைநாட்டு முன்னோடிகளுள் ஒருவரான பிரெஞ்சு அறிஞர் ஆன்ரி மஸ்பெரோ, நாஜிகளின் புகன்வால்ட் வதைமுகாமில் 1945இல் உயிரிழந்தது பேரிழப்பு. பின்னர், டச்சு அறிஞர் கிறிஸ்டோபர் ஷிப்பர், தைவானில் தங்கித் தாவோயியக் குருவாகவே தீட்சை பெற்று, ஏட்டில் படித்ததை வாழும் மரபோடு ஒப்பிட்டு எழுதினார்.

தத்துவம் வேறு, சமயம் வேறு என்ற பிரிவினையை இவர்களின் உழைப்பு பெரிதும் தகர்த்துவிட்டது. ஆகவே, தைவானில் இன்றும் நடைபெறும் கோயில் வழிபாடுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மதுரை