காசுக்குப் போனவன் இல்லை என் மகன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் வெளிவந்த ஒரு கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆணும் ஆணும் விரும்புவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்றும், ஏழை வீட்டுப் பையன்கள் காசுக்கும் கைப்பேசிக்கும் ஆசைப்பட்டு அதில் விழுகிறார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரி. சத்துணவு அமைப்பாளராக 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் ஒரே மகன் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். அவன் விரும்புகிறவன் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. அந்த வாசகர் சொன்ன ஏழை வீடு எங்களுடையது என்பதால் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

2018இல் படகு உரிமையாளர் ஐஸ் கணக்கை என் மகனின் பொறுப்பில் விட்டார். கல்லூரி முடித்த கையோடு அந்தப் பிள்ளை அப்பாவின் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்திருந்த நேரம் அது. ஒரு மாதப் பற்றில் பன்னிரண்டு ஐஸ் கட்டிகள் எழுதாமல் விட்டுப்போயிருந்தன. பேசாமல் வந்திருந்தால் எங்கள் படகுக்கு லாபம். என் மகன் அதைக் காட்டி எழுதச் சொன்னான். அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

அந்த அறையில் வருகிறவர்களுக்கென்று ஒரு நாற்காலி கிடந்தது. என் மகன் அதில் உட்காரவே இல்லை. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் கால்களுக்கே அது தெரியும். சில மாதம் கழித்து அந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இவனுக்குப் பக்கத்தில் நின்றபடியே கணக்கு எழுதத் தொடங்கினான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாட்களாக இருந்ததை 2017இல் கூட்டினார்கள். எங்களுக்கு அது கடன் வாங்கும் காலம். படகு கட்டிக்கிடந்தால் ஐஸுக்கும் வேலை குறைந்துவிடும். ஆகவே இவர்கள் இருவருக்கும் ஆண்டுதோறும் பேசக் கிடைத்த காலமும் அதுதான். 2019 தடைக்காலத்தில் அந்தப் பிள்ளை வலை சீர்செய்யும் இடத்துக்கு வந்து, எனக்கும் கற்றுக்கொடு என்று உட்கார்ந்தான். நைலான் நூல் விரலை அறுத்து ரத்தம் வந்தது. மறுநாளும் வந்தான்.

தடை முடிந்து கிடைத்த முதல் மீன்பிடியில் நான்கு சங்கரா மீன்களை என் மகன் அவனுக்குக் கொடுத்தான். அவன் பணத்தை எடுத்து நீட்டினான். மூன்று வாரம் என் மகன் அந்தப் பக்கமே போகவில்லை. ஐஸ் எடுக்க வேறு ஆளை அனுப்பினான். பிறகு ஒரு நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று வந்து இறங்கியது. அவர்கள் தோட்டத்துப் பழம். பைக்கில் கட்டித் தானே கொண்டுவந்திருந்தான். நான் பதறிப்போய் பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கி வந்து போட்டு, "வாருங்கள் தம்பி, உட்காருங்கள்" என்றேன். அவன் நாற்காலியைத் தொடவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துச் சுளை எடுத்துக் கொடுத்தான்.

என் மகனைவிட இரண்டு வயது இளையவன் அவன். ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "அம்மா, உங்கள் மகனை வா என்கிறீர்கள். என்னை மட்டும் ஏன் வாருங்கள் என்கிறீர்கள்?" எனக்குப் பதில் தெரியவில்லை. என் வாயிலிருந்து ஒரு 'வா' வருவதற்கு 2021 ஆகிவிட்டது. என் மகன் அவனை 'நீ' என்றது அதற்கும் பிறகுதான். காசுக்காக ஒட்டிக்கொள்கிறவன் மூன்று ஆண்டுக்கு மேல் 'நீங்கள்' என்று தள்ளி நிற்பானா? வாசகர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அன்பு எந்த நாளில் வந்தது என்று இருவரையும் கேட்டுப் பார்த்தேன். ஆளுக்கு ஓர் ஆண்டைச் சொன்னார்கள்.

2022 ஆகஸ்டில், வலை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தில் கயிறு சுற்றி என் மகனின் இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. நான் பரங்கிப்பேட்டையில் தங்கை வீட்டில் இருந்தேன். இரவோடு இரவாக ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது அந்தப் பிள்ளைதான். அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். "அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடம் நின்றுவிட்டு, "நான் அவருடைய முதலாளி" என்று சொல்லியிருக்கிறான். உடனே படிவத்தை நீட்டிவிட்டார்கள். முதல் பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது நடைபாதையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். கைக்காக அழுகிறான் என்று நினைத்தேன். "அம்மா, முதலாளி என்று சொல்லிவிட்டேன்" என்றான். நான்கு ஆண்டுகள் வாசலில் நின்றும் தரையில் உட்கார்ந்தும் இருவரும் கரைத்துக்கொண்டிருந்த சொல் அது. அதைச் சொன்னால்தான் அந்த இரவில் அவன் பக்கத்தில் நிற்க முடிந்தது. எனக்கு எல்லாம் புரிந்தது அந்த நடைபாதையில்தான்.

உடனே ஏற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆண் என்பது உறுத்தியது. பெரிய இடம், நாளைக்குக் கைவிட்டால் என் பிள்ளை என்ன ஆவான் என்பது அதைவிட உறுத்தியது. அவர்கள் வீட்டில் வேறு விதமாக நடந்தது. வெளியூர் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோய் 'மாற்றுவதற்கு' மாத்திரை கொடுக்க வைத்தார்கள். ஐந்து மாதம் அந்தப் பிள்ளை பகலெல்லாம் தூங்கினான், முகம் வீங்கிப்போயிற்று. இப்படிப்பட்ட சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ஆம் தேதியே சொல்லிவிட்டது. அதை எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் தெளிவு போதாது என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகுதான் தீர்ப்பு எழுதினார். என் மகன் அதைப் படித்துக் காட்டிய இரவில்தான், நீதிபதியே கற்றுக்கொண்டிருக்கிறார், நான் கற்றுக்கொண்டால் என்ன என்று நினைத்தேன்.

2023இல் அந்தப் பிள்ளை சான்றிதழ்களையும் இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வந்துவிட்டான். இப்போது புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். முதலியார்பேட்டையில் ஒரு மாடி அறை. வாடகையில் பாதி என் மகன் தருகிறான். மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களில் என் மகன் கையில்தான் பணம் கூடுதல்.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி இது குற்றமில்லை என்றது. 2023 அக்டோபர் 17ஆம் தேதி, திருமண உரிமையை நீதிமன்றம் தர முடியாது என்றது. என் மகன் அன்று சாப்பிடவில்லை. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் அந்தக் கணக்குக்கு ஒருவரை ஒருவர் நியமனதாரராக (நாமினி) குறிப்பிடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. இரண்டு பெண்கள் தொடர்பான வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இனி ஒரு மருத்துவமனையில் 'என்ன வேண்டும்' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட முடிய வேண்டும். அதற்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். செய்திகளில் 'ஓரினச்சேர்க்கை' என்றே போடுகிறீர்கள். அந்தச் சொல்லில் படுக்கை மட்டும்தான் இருக்கிறது. பலாப்பழத்துக்கும் நாற்காலிக்கும் அதில் இடமில்லை. இவர்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்று எழுதுங்கள்.

எங்கள் ஊரையும் தொழிலையும் அறிந்தவர்களுக்கு நான் யாரென்று தெரிந்துவிடும். இருவரையும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இருந்தாலும் பெயரைப் போடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு வயதான பாட்டி இருக்கிறார். அவரிடம் அவன் தன் வாயால் சொல்ல விரும்புகிறான்.

கடிதம் எழுதிய வாசகர் கடலூர்ப் பக்கம் வந்தால், ஏப்ரல் 15க்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இருவரும் வீட்டில் இருப்பார்கள். நல்ல மீன் அப்போது கிடைக்காது. கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.